மூன்று நாள் பயிற்சியை வைத்து ஒரு ஆட்டக்காரரை எடைபோட முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: அமெரிக்க ஃபுட்பாலில் கல்லூரி முடிக்கும் ஆட்டக்காரர்களுக்கான சீனியர் பௌல் பயிற்சியில் எடுத்த பத்து நொடி வீடியோ ஒன்றில், பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வந்த ஒரு டிஃபென்சிவ் டேக்கிள் (எதிரணியின் முன்வரிசையை உடைத்து உள்ளே வருபவர்), பெரிய கல்லூரி கார்டு (அவரைத் தடுக்க நிற்பவர்) ஒருவரை அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போய் மல்லாக்கப் போடுகிறார். அதன் கீழே ஆளாளுக்கு 'இவர் மதிப்பு ஏறிவிட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று, நான்கு வருடம் ஆடிய ஆட்டத்தைவிட மூன்று நாள் பயிற்சி பெரிதா, அங்கே போகும் ஸ்கவுட்டுகள் (அணிகளுக்கு ஆள் பார்ப்பவர்கள்) அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, அந்த வீடியோவை நம்பலாமா என்பதுதான் என்று நினைக்கிறேன். பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் எந்த என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணியிலும் வேலை பார்த்தவன் இல்லை. அமெரிக்காவுக்குப் படிக்க வந்த இடத்தில், கல்லூரி ஃபுட்பால் அணியின் வீடியோ அறையில் பகுதிநேர வேலை கிடைத்தது. ஒவ்வொரு ஆட்டத்தையும் துண்டு துண்டாக வெட்டி, எந்த டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), எத்தனை கெஜம் பாக்கி, யார் எங்கே நின்றார்கள் என்று குறித்துக் கோச்சுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆட்டத்தின் விதிகள்கூட முழுதாகத் தெரியாமல் ஆரம்பித்து, பிறகு அதிலிருந்து மீள முடியாமல் போனவன் நான். அப்புறம் சில வருடங்கள், டிராஃப்டுக்கு (என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) வரும் ஆட்டக்காரர்களைப் பற்றிக் கூலிக்கு அறிக்கை எழுதினேன். அந்த வேலையாக ஜனவரிக் கடைசியில் அலபாமாவுக்குப் போய் மைதானத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருக்கிறேன். அணியின் உள்ளறைப் பேச்சு எனக்குக் கிடைத்ததில்லை. வெளியே நின்று பார்த்தவனின் கணக்கு இது.

இந்த ஆட்டங்கள் பற்றி இரண்டு வரி. சீனியர் பௌல் 1950இல் ஜாக்சன்வில்லில் தொடங்கி, அடுத்த வருடமே அலபாமாவின் மொபீல் நகரத்துக்கு வந்துவிட்டது. (கைப்பேசி இல்லை, மொபீல். அந்த ஊர்க்காரர்களிடம் தவறாகச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.) 2021 முதல் தெற்கு அலபாமா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மைதானத்தில் நடக்கிறது. அதைவிட மூத்தது ஈஸ்ட்-வெஸ்ட் ஷ்ரைன் ஆட்டம். 1925இல் சான் பிரான்சிஸ்கோவில், குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டத் தொடங்கியது. இரண்டுமே கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டுத் தொழில்முறைக்குப் போகப்போகிறவர்களை அழைத்து, இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்துக் கடைசியில் ஒரு ஆட்டம் ஆடவைப்பவை. மொபீலில் செவ்வாய், புதன், வியாழன் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். வியாழன் சாயங்காலமே ஸ்கவுட்டுகளில் பெரும்பாலோர் விமான நிலையத்தில் இருப்பார்கள். மாப்பிள்ளை அழைப்பு விருந்தைச் சாப்பிட்டுவிட்டு முகூர்த்தத்துக்கு நிற்காமல் ஊர் திரும்பும் உறவினர் மாதிரி. ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டத்தில் தடுப்பு முறைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள், ஒருவருக்கு இருபது வாய்ப்பு கிடைத்தாலே அதிகம். பயிற்சியில் ஒரே வேலையை ஒரே ஆள் பத்துத் தடவை, பத்துப் பேருக்கு எதிராகச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். மொபீலுக்கு வரும் ஸ்கவுட் யாரும் வெள்ளைத் தாளோடு வருவதில்லை. இலையுதிர் காலம் முழுவதும் அந்தந்தக் கல்லூரிக்குப் போய்வந்தவர்களின் அறிக்கைகள் கையில் இருக்கும். ஆட்ட வீடியோக்களைப் பார்த்து ஒரு மதிப்பெண்ணும் போட்டு வைத்திருப்பார்கள். அந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும். 'கை குட்டையோ?' 'எதிராளிகள் எல்லாம் சோப்ளாங்கிகளோ?' 'இவரை ஓரத்து டேக்கிள் இடத்திலிருந்து உள்பக்கக் கார்டாக மாற்றினால் தாங்குவாரா?' 'இவ்வளவு வேகம் என்கிறார்கள், சரி, நெருக்கிப் பிடித்தால் விடுபடுவாரா?' அந்த ஒரு கேள்விக்கு மொபீலில் பதில் கிடைக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வீடியோவில் ஏற்கெனவே நூறு தடவை பதில் கிடைத்துவிட்ட விஷயத்தை மூன்று நாளில் யாரும் மாற்றி எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ரசிகர்களும் இணையத்தில் எழுதுபவர்களும் கேள்வி இல்லாமல் போகிறார்கள். அதனால் யார் கண்ணில் பளிச்சென்று பட்டாரோ அவரே வாரத்தின் நாயகன் ஆகிவிடுகிறார்.

உறுதியாகக் கிடைப்பவற்றில் முதலாவது அளவெடுப்பு. கல்லூரிகள் தங்கள் ஆட்டக்காரரின் உயரத்தையும் எடையையும் கொஞ்சம் தாராளமாகவே அச்சிடும். 6 அடி 3 என்று போட்டிருந்தால் 6 அடி 1 என்று வைத்துக்கொள்வது அனுபவஸ்தர்களின் பழக்கம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உயரத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை அளந்து நாலு இலக்கமாக எழுதுவார்கள்: 6023 என்றால் 6 அடி 2 அங்குலம், அதற்கு மேல் எட்டில் மூன்று. தோள் எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை கை நீளம். விரல்களை அகல விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை உள்ளங்கை அகலம். இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அஃபென்சிவ் டேக்கிளுக்கு (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை ஓரத்தில் நிற்பவர்) கை 33 அங்குலத்துக்குக் கீழே போனால் பல அணிகள் அவரை உள்பக்கம் கார்டாக மாற்றுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடும். எதிரில் வருபவரின் கை நீளமாக இருந்தால் அவர் இவர் மார்பில் முதலில் கைவைத்துவிடுவார்; அதோடு கதை பாதி முடிந்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் உள்ளங்கை 9 அங்குலத்துக்குக் குறைந்தால் ஈரப் பந்தைப் பற்றிய கவலை வரும். 2022இல் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட் மொபீலில் கையை அளக்க விடாமல் தள்ளிப்போட, அது ஒரு மாதப் பேச்சாகிவிட்டது. பிறகு இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்தகுதிச் சோதனை முகாம்) அளந்தபோது எட்டரை அங்குலம். ஆனாலும் பிட்ஸ்பர்க் அணி அவரை டிராஃப்டில் 20ஆவது ஆளாக எடுத்தது. எண் உறுதியானதுதான், அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது அணிக்கு அணி மாறும்.

அளவெடுப்பில் இன்னொன்றும் பார்ப்பேன், இதைப் பலர் கவனிப்பதில்லை. பருவம் முடிந்து மொபீலுக்கு வருவதற்குள் உடம்பு எப்படி மாறியிருக்கிறது? ஏஜெண்டு பேச்சைக் கேட்டுப் பதினைந்து பவுண்டு ஏற்றிக்கொண்டு வரும் லைன்மேன்கள் (முன்வரிசையில் மோதுபவர்கள்) உண்டு. தராசில் நன்றாக இருக்கும். ஆனால் புதன்கிழமைப் பயிற்சியின் இரண்டாம் பாதியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அந்தப் பதினைந்து பவுண்டின் விலை தெரியும்.

அடுத்தது, நீங்கள் பார்த்த வீடியோ எடுக்கப்பட்ட இடம்: ஒண்டிக்கு ஒண்டி. லைன்மேன்களுக்கான இந்தப் பயிற்சியில் ஒரு தடுப்பவரும் (அஃபென்சிவ் லைன்மேன்) ஒரு தாக்குபவரும் (டிஃபென்சிவ் லைன்மேன்) எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். குவார்ட்டர்பேக் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மையோ உதவியாளரோ. பந்து அசைந்ததும் இரண்டு மூன்று நொடி மோதல், விசில், அடுத்த ஜோடி. கூட்டம் கத்தும், கேமராக்கள் எல்லாம் இங்கேதான் குவியும். ஆனால் இந்தப் பயிற்சி ஆரம்பத்திலிருந்தே தாக்குபவர் பக்கம் சாய்ந்தது. ஆட்டத்தில் ஒரு கார்டுக்கு இந்தப் பக்கம் சென்டர், அந்தப் பக்கம் டேக்கிள் இருப்பார்கள். வரப்போவது பந்தோடு ஓட்டமா, பந்தை எறியும் பாஸா என்று எதிராளிக்குத் தெரியாது. இங்கே பாஸ்தான் என்று எல்லோருக்கும் தெரியும், இரண்டு பக்கமும் வெட்டவெளி. தாக்குபவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஆகவே டிஃபென்சிவ் லைன்மேன் ஜெயித்தால் நான் பெரிதாகக் குறித்துக்கொள்வதில்லை. அவர் அடிக்கடி தோற்றால் குறிப்பேன். அஃபென்சிவ் லைன்மேன் தொடர்ந்து ஜெயித்தால் அடிக்கோடு போடுவேன்.

யார் ஜெயித்தார் என்பதைவிட எப்படி என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. பந்து அசைந்ததும் யாருடைய கால் முதலில் எழுந்தது? கை எங்கே போய் விழுந்தது, உள்ளே மார்பிலா, வெளியே தோளிலா? முட்டி மடிந்திருக்கிறதா, அல்லது இடுப்பை வளைத்துக்கொண்டு சாய்கிறாரா? முதல் உத்தியைத் தடுத்துவிட்டால் இரண்டாவது உத்தி ஏதாவது கையில் இருக்கிறதா, இல்லை அங்கேயே நின்றுவிடுகிறாரா? தடுப்பவர் பின்னால் தள்ளப்பட்டாலும் மூன்றாவது அடியில் காலை ஊன்றி நிற்கிறாரா? இதை ஆங்கர் என்பார்கள். சில பேர் முதல் நொடியில் தோற்பதுபோல் தெரிவார்கள், அடுத்த நொடியில் மரம்போல நின்றுவிடுவார்கள். பொம்மையைத் தொட முடியாவிட்டால் அது தடுப்பவரின் வெற்றிதான், ஆனால் வீடியோவில் அசிங்கமாக இருக்கும், யாரும் பகிரமாட்டார்கள். இவற்றைப் பார்க்க மைதானத்தின் கடைக்கோட்டுப் பக்கம், ஜோடிக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் கை எங்கே விழுகிறது என்பதே தெரியாது. நான் முதல் வருடம் முழுக்கத் தவறான இடத்தில் நின்றேன்.

2014ஆம் ஆண்டு இதற்கு நல்ல உதாரணம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஏரன் டொனால்டு கல்லூரியில் வாங்காத விருது இல்லை. அவரைப் பற்றிய ஒரே கேள்வி உருவம்: 6 அடிக்குச் சற்று மேல், 285 பவுண்டு, அந்த இடத்துக்குச் சின்ன ஆள். மொபீலில் தன்னைவிடப் பெரிய கார்டுகளை ஒருவர் பின் ஒருவராக அவர் கடந்து போனார். முதல் அடியின் வேகமும் கைவேலையும் உருவத்துக்கு ஈடுகொடுக்கும் என்று அந்தக் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. டொனால்டு இருந்த வடக்கு அணியிலேயே, அதே பயிற்சியில், நாட்ரடேம் கல்லூரியின் ஸாக் மார்ட்டினும் இருந்தார். கல்லூரியில் டேக்கிள், ஆனால் கை 33 அங்குலம் வராது. டொனால்டு மற்றவர்களைக் கலங்கடித்த வாரத்தில் நிலைகுலையாமல் நின்றவர் என்று மார்ட்டினின் பெயர்தான் பேசப்பட்டது. டொனால்டை ராம்ஸ் 13ஆவதாகவும், மார்ட்டினை டல்லஸ் 16ஆவதாகவும் எடுத்தன. டல்லஸ் மார்ட்டினை கார்டாகவே ஆடவைத்தது. அந்தக் காலத்தின் சிறந்த கார்டுகளில் ஒருவர் ஆனார். டொனால்டு மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். ஒரு ஜோடியைப் பார்க்கும்போது எதிரில் நிற்பது யார் என்று பெயர்ப் பட்டியலைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். டொனால்டிடம் தோற்ற கார்டு மோசமான கார்டு என்று அன்றைக்கு யாராவது எழுதியிருந்தால் அவர் பாவம்.

ரிசீவருக்கும் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) கார்னர்பேக்குக்கும் (அவரை ஒட்டி ஓடித் தடுப்பவர்) நடக்கும் ஒண்டிக்கு ஒண்டி இன்னும் ஒருதலைப்பட்சமானது. எந்த வழியில் ஓடப்போகிறோம் என்று ரிசீவருக்குத் தெரியும், கார்னருக்குத் தெரியாது. பாதி மைதானம் காலி. உதவிக்குப் பின்னால் நிற்கும் சேஃப்டி இல்லை. குவார்ட்டர்பேக்கை யாரும் துரத்தவில்லை, அவர் நிதானமாகக் காத்திருந்து எறியலாம். கிரிக்கெட் வலைப்பயிற்சியில் தூக்கி அடித்த பந்து சிக்ஸரா, எல்லையில் கேட்சா என்று யாருக்கும் தெரியாதே, அதே கதைதான். ரிசீவர் மூன்று தடவை ஆடி அசைத்து, ஆட்டத்தில் செலவழிக்கவே முடியாத நேரத்தைச் செலவழித்து விடுபட்டால், கூட்டம் 'ஓ' என்று கத்தும். குவார்ட்டர்பேக் அதற்குள் தரையில் கிடந்திருப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் ரிசீவரிடம் பார்ப்பது, முதல் ஐந்து கெஜத்தில் அவரை நெருக்கிப் பிடித்தால் கையைத் தட்டிவிட்டு வெளியே வருகிறாரா என்பதைத்தான். அது ஆட்டத்திலும் இருக்கும். அதே கணக்கில், இந்தச் சாய்ந்த பயிற்சியில் ஒரு கார்னர் ஜெயித்துக்கொண்டே இருந்தால் எழுந்து உட்கார வேண்டும். 2024இல் டொலீடோவின் குவின்யான் மிட்செல் அப்படித்தான் செய்தார். அவர் கல்லூரி ஆடிய லீக் சின்னது, 'பெரிய ரிசீவர்களை இவர் பார்த்ததே இல்லையே' என்பதுதான் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கேள்வி. மூன்று நாளும் பெரிய கல்லூரி ரிசீவர்களோடு ஓடி, அவர்கள் திரும்புவதற்கு முன்பே திரும்பிக்கொண்டிருந்தார். பிலடெல்பியா அவரை 22ஆவதாக எடுத்தது. முதல் வருடமே சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதிப்போட்டி) ஜெயித்த அணியில் தொடக்க ஆட்டக்காரர்.

ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) லைன்பேக்கரை (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) தடுக்கும் பயிற்சியும் உண்டு. ஓடிவரும் லைன்பேக்கருக்கு எல்லா வசதியும் இருப்பதால், தடுப்பவர் தோற்பதே வழக்கம். தோற்றாலும் முகத்தைத் திருப்பாமல் நேராகப் போய் முட்டுகிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சின்னக் கல்லூரிக்காரர்களுக்குத்தான் இந்த வாரம் உண்மையிலேயே பெரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. க்வின் மைனர்ஸ் என்று ஒருவர். விஸ்கான்சின்-வைட்வாட்டர், மூன்றாம் பிரிவுக் கல்லூரி. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகையே கிடையாது. போதாக்குறைக்கு, கொரோனாவால் அவருடைய 2020 பருவம் முழுதாக ரத்து. கடைசியாக ஆடியது 2019இல், அதுவும் எதிரில் நின்றவர்களில் யாரும் என்.எஃப்.எல். பக்கம் போகப்போகிறவர்கள் இல்லை. அப்படிப்பட்டவரை வீடியோவை வைத்து எப்படி மதிப்பிடுவது? தன்னைவிட நாற்பது பவுண்டு குறைந்தவரைத் தள்ளிவிடுவது எதையும் நிரூபிக்காது. 2021 ஜனவரியில் மொபீலுக்கு வந்தார், ஜெர்சியை மடித்துவிட்டுத் தொப்பை வெளியே தெரிய நின்று பெரிய கல்லூரி டேக்கிள்களைத் தாங்கினார். அதோடு கல்லூரியில் ஆடிய கார்டு இடத்தை விட்டு சென்டராகவும் பந்தைக் கொடுத்துப் பார்த்தார். டென்வர் அவரை மூன்றாம் சுற்றில், 98ஆவதாக எடுத்தது. பிறகு ஆல்-ப்ரோ (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) அளவுக்கு வளர்ந்தார். தொப்பை பிரபலமாகிவிட்டது, அதைப் பற்றித்தான் இன்னும் பேசுகிறார்கள். உண்மையில் முக்கியமானது, அவர் வழக்கில் மொபீல் மட்டும்தான் சாட்சி. ஆட்ட வீடியோ நாற்பது இருக்கும் ஒருவருக்கு இந்த மூன்று நாள் ஒரு சிட்டிகை. மைனர்ஸுக்கு அது முழுச் சாப்பாடு.

இடம் மாற்றிப் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியில் டேக்கிளாக ஆடியவரை மொபீலில் கார்டாக நிறுத்துவார்கள். விளிம்பில் ஓடிவந்தவரை லைன்பேக்கராகப் பின்னால் நிற்கச் சொல்வார்கள். பல நேரம் அணிகளே கேட்டு நடப்பது இது. செவ்வாய்க்கிழமை அவர் தடுமாறுவதைப் பார்த்து 'மோசம்' என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். அவர் வாழ்க்கையில் முதல் தடவை அந்த இடத்தில் நிற்கிறார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் என்ன மாறியது என்பதுதான் அங்கே கேள்வி. திங்கள் ராத்திரி கற்றுக்கொடுத்ததை செவ்வாய் தப்பாகச் செய்து, கோச் கையைப் பிடித்துக் காட்டியதை புதன் சரியாகச் செய்தால், வேலைக்கு எடுப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்? அதனால் மோதலுக்கு இணையாக மோதல்களுக்கு நடுவில் இருக்கும் நேரத்தையும் பார்ப்பேன். தோற்றுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறாரா, அல்லது தன்னை வென்றவரிடமே போய் 'என்ன செய்தாய்' என்று கேட்கிறாரா? கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய கூட்டம் இல்லை அவர்கள். ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும்: ஒருவர் அமைதியாக நிற்பதை வைத்து அவர் மனதைப் படித்துவிட்டேன் என்று சொல்வது ஜோசியம்.

ஸ்பெஷல் டீம்ஸ் என்கிற, பந்தை உதைக்கும் ஆட்டப் பகுதியைப் பயிற்சி செய்யும்போது பார்வையாளர்கள் காபி வாங்கப் போய்விடுவார்கள். ஸ்கவுட்டுகள் போகமாட்டார்கள். ஒரு என்.எஃப்.எல். அணியில் 53 பேர். நாலாம் சுற்றுக்குப் பிறகு எடுக்கப்படும் ரிசீவரோ சேஃப்டியோ முதல் வருடம் அந்தப் பட்டியலில் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் பண்ட் உதைக்கு (எதிரணியிடம் பந்தைத் தூர உதைத்துக் கொடுப்பது) பின்னால் வெறிகொண்டு ஓடும் வேலையால்தான்.

இனி சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி மொபீலில் இருந்து வரும் எந்தத் தீர்ப்பையும் நான் அரைக் கண்ணால்தான் படிப்பேன். முன்பின் தெரியாத ரிசீவர்கள், நாலு நாளில் கற்ற ஆட்டத் திட்டம், யாரும் தொடக்கூடாத தனிநிற ஜெர்சி. கையின் பலம் தெரியும், பந்து கையைவிட்டுப் புறப்படும் வேகம் தெரியும். இவை உறுதி. நெருக்கடியில் கண் எங்கே போகிறது, மூன்றாவது ஆளைத் தேடும் நிதானம் இருக்கிறதா, இதெல்லாம் தெரியாது. 2016இல் டல்லஸ் அணியின் கோச்சுகள் வடக்கு அணியைப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவர் கார்சன் வென்ட்ஸ். தெற்கு அணியில் டாக் பிரெஸ்காட் இருந்தார், சனிக்கிழமை ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். வென்ட்ஸ் இரண்டாவது ஆளாகப் போனார், பிலடெல்பியாவுக்கு. பிரெஸ்காட் 135ஆவது வரை காத்திருந்து, கடைசியில் டல்லஸ் கைக்கே வந்தார். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் அவர்தான். முப்பத்திரண்டு அணிகளின் ஆட்களும் அவரை அந்த வாரம் பார்த்தவர்கள்தான். ப்ராக் பர்டி 2022 ஷ்ரைன் ஆட்டத்தில் எல்லோர் கண் முன்னாலும் ஆடிவிட்டு, டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாகப் போனார். இரண்டு வருடத்துக்குள் சான் பிரான்சிஸ்கோவை சூப்பர் பௌலுக்குக் கூட்டிப் போனார். இந்த இரண்டு பேர் விஷயத்திலும் ஸ்கவுட்டுகள் தூங்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வாரத்தில் பார்க்க முடியாத ஒன்று அவர்களிடம் இருந்தது, அவ்வளவுதான்.

தடுப்பாட்டக்காரர்களின் டேக்கிளிங்கும் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) சந்தேகப் பட்டியலில்தான். பயிற்சியில் யாரையும் தரையில் வீழ்த்தக் கூடாது, மோதி நிறுத்திவிட வேண்டும். அதனால் ஒரு லைன்பேக்கர் பந்து வைத்திருப்பவரைச் சரியான இடத்தில் சந்தித்தார் என்று எழுதலாம். வீழ்த்தியிருப்பார் என்று எழுத முடியாது. சேஃப்டிகளும் அப்படியே, அவர்களுடைய வேலையில் பாதி எதிராளியின் திட்டத்தை முன்கூட்டியே படிப்பது, பள்ளிக்கூடத்துப் பாடம்போல எளிமையாக்கப்பட்ட திட்டங்களில் படிக்க என்ன இருக்கிறது?

வெளியே நிற்பவர்களுக்கு எட்டவே எட்டாத பகுதி ஒன்று இருக்கிறது. ராத்திரி ஹோட்டலில் நடக்கும் நேர்காணல்கள். பலகையில் ஒரு ஆட்டத் திட்டத்தை வரைந்து காட்டி, வேறு எதையோ பேசிவிட்டு, திடீரென்று 'முன்னே காட்டினேனே, அதைத் திரும்ப வரை' என்பார்கள். முட்டி அறுவைச் சிகிச்சையின் விவரம், பழைய போலீஸ் வழக்கு, கோச்சோடு சண்டை, எல்லாம் அந்த அறைகளில்தான் பேசப்படும். ஏப்ரலில் ஒருவர் ஏன் இரண்டு சுற்று கீழே இறங்கினார் என்று நாம் குழம்பும்போது, பதில் பெரும்பாலும் அந்த அறையிலோ மருத்துவரின் கோப்பிலோ இருக்கும். மைதானத்து ஓரத்தில் நின்ற என்னைப் போன்றவர்கள் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது வீண் வேலை.

என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு வருடம் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் ஒரு ரிசீவர் என்னை அப்படியே மயக்கிவிட்டார். ஒண்டிக்கு ஒண்டியில் ஒருவரும் அவரைத் தொட முடியவில்லை. அன்று ராத்திரியே அறையில் உட்கார்ந்து, ஏற்கெனவே எழுதியிருந்த அறிக்கையில் ஒரு முழுச் சுற்று ஏற்றிவிட்டேன். அவருடைய ஆட்ட வீடியோவில் நானே குறித்து வைத்திருந்தது என்ன தெரியுமா? 'நெருக்கிப் பிடித்தால் விடுபட மாட்டார். நடுவில் பந்து வந்தால் கண் எதிராளியிடம் போகிறது.' மொபீலில் முதல் நாள் எந்தக் கார்னரும் அவரை நெருக்கிப் பிடிக்கவில்லை, எல்லோரும் ஏழு கெஜம் தள்ளி நின்றார்கள். நான் கேட்க வேண்டிய கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. ஆனால் பதில் கிடைத்த சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். அவர் ஒரு அணியின் பயிற்சி முகாமில் சேர்ந்து, ஆகஸ்டு கடைசியில் வெளியே அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு, செவ்வாய் ராத்திரி எந்த மதிப்பெண்ணையும் தொடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மூன்று நாளும் முடிந்து, வீட்டுக்குப் போய், பழைய ஆட்ட வீடியோ இரண்டை மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனா.

இப்போது உங்கள் வீடியோ. அந்த டிஃபென்சிவ் டேக்கிளைப் பற்றி அதில் உறுதியாகத் தெரிவது இரண்டு. அவர் கை கார்டின் மார்புக்குள் முதலில் போயிருக்கிறது, தோள் கார்டின் தோளுக்குக் கீழே இருக்கிறது. இது தற்செயலாக வராது, யாரோ உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆளை அசைக்கும் பலமும் இருக்கிறது. சின்னக் கல்லூரிக்காரர் என்பதால் இதற்கு மதிப்பு உண்டு; அந்தப் பாதியை நம்புங்கள். மீதிப் பாதிக்கு அந்த வாரத்தின் மற்ற வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். அந்த மூன்று நாளில் அவர் ஏறத்தாழ இருபது முப்பது தடவை மோதியிருப்பார், உங்களுக்குக் காட்டியது ஒன்று. அதே கார்டு அடுத்த தடவை அவரை நிறுத்தினாரா? நேராகத் தள்ளுவது எடுபடாதபோது வேறு ஏதாவது செய்தாரா? அணி முழுதும் சேர்ந்து ஆடும் பகுதியில் இரண்டு பேர் சேர்ந்து அவரை அழுத்தியபோது இடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் கிடைத்தால் இங்கேயே பின்னூட்டத்தில் போடுங்கள், நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். அந்தக் கார்டின் இடதுகால் சறுக்கியதா என்பதையும் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். புல் ஈரமாக இருந்தமாதிரி எனக்குப் பட்டது.